கிராமக் கவுண்டியின் குடித்தன வருமானம்: காலந்தோறும் அதனை மதிப்பிடும் வகை

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வருமானக் கணக்கைப் பற்றிப் பேசவேண்டுமென்று நமது காரியதரிசி அவர்கள் பணித்தார்கள். கேட்போருக்கு உறக்கம் வாராதபடி பேசவேண்டுமென்றும் சேர்த்துப் பணித்தார்கள். முன்னது என் வசத்தில் உள்ளது. பின்னது தங்கள் வசத்தில் உள்ளது.

ஒரு தேசத்தின் செல்வம் இவ்வளவு, ஒரு ராஜ்யத்தின் செல்வம் இவ்வளவு என்று பத்திரிகைகளில் நாள்தோறும் காண்கிறோம். ஆயின் ஒரு நாட்டுப்புறப் பகுதியில் வாழும் நடுத்தரமான குடித்தனம் ஓராண்டில் எவ்வளவு ஈட்டுகிறது, பத்தாண்டுகளுக்கு முன் ஈட்டியதினும் அது கூடிற்றா, குறைந்ததா என்று ஒருவர் வினவினால், அதற்கு விடையிறுப்பது அத்துணை எளிதன்று. இவ்வினாவுக்கு விடை காண்பதில் மிகுந்த பொருளையும் உழைப்பையும் செலவிட்ட தேசம் அமெரிக்க ஐக்கிய நாடு. ஆதலின் அந்நாட்டின் கிராமக் கவுண்டிகளையே இன்று எடுத்துக்கொள்கிறேன்.

கவுண்டி என்பது அங்கே ராஜ்யத்தின் உட்பிரிவு. நம் ஜில்லாவின் ஸ்தானத்தில் இருப்பது என்று ஏறக்குறையச் சொல்லலாம். ஆனால் ஜனத்தொகையில் ஒன்றோடொன்று ஒவ்வாது. அந்நாட்டிலுள்ள கவுண்டிகள் 3,100க்கு மேற்பட்டவை. 2020ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியில் வசித்தவர் ஒரு கோடிப் பேர். டெக்ஸாஸ் ராஜ்யத்து லவிங் கவுண்டியில் வசித்தவர் 64 பேர். 64 ஆயிரம் என்று யான் சொல்லவில்லை. 64 ஆத்மாக்கள் என்றே சொல்கிறேன். இவ்விரண்டுக்கும் ஒரே அட்டவணையில் ஒரே வகையான எண்ணை எழுதவேண்டுமென்பதே சர்க்காருக்கு ஏற்பட்ட சங்கடம்.

எழுதப்படும் எண் எத்தகையது என்பதை முதற்கண் தெளிந்துகொள்வோம். ஒரு தெருவில் 11 வீடுகள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். 10 வீடுகளின் ஆண்டு வருமானம் ஒன்றரை லட்சத்தை ஒட்டியது. 11ஆம் வீட்டார் ஆலை முதலாளி, அவருக்கு ஒரு கோடி. சராசரி எடுத்தால் வீட்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேல் வரும். பத்து லட்சம் ஈட்டும் வீடோ அத்தெருவில் ஒன்றுமில்லை. 11 வீடுகளையும் வருமான வரிசையில் நிறுத்தி, நடுவிலுள்ள ஆறாம் வீட்டைக் கேட்டால் ஒன்றரை லட்சம் என்ற விடை வரும். இதற்கே இடைநிலை வருமானம் என்று பெயர். முதலாளி தம் ஆலையை இரண்டாக்கினாலும் இவ்வெண் அசையாது. சாமானியக் குடியின் நிலையை அறிய விரும்புவோர் சராசரியை விட்டு இதனைக் கொள்வது அதனாலேயாம். ஆயினும் இதற்கும் ஒரு குணம் உண்டு: இரண்டு கவுண்டிகளின் இடைநிலைகளைக் கூட்டி இரண்டால் வகுத்தால், அவ்விரண்டும் சேர்ந்த பிரதேசத்தின் இடைநிலை கிடைக்காது. எல்லா வீடுகளையும் மறுபடி ஒரே வரிசையில் நிறுத்தியே காணவேண்டும். கற்றறிந்தவர்களும் இவ்விடத்தில் தவறக் கண்டிருக்கிறேன்.

அடுத்தபடியாக, குடித்தனம் வேறு, குடும்பம் வேறு. அமெரிக்கக் கணக்கில், ஒரு மனையில் வாழ்வோர் அனைவரும் சேர்ந்தது குடித்தனம். தனியே வாழும் கைம்பெண்ணும் ஒரு குடித்தனமே. இரத்தத்தாலோ விவாகத்தாலோ சுவீகாரத்தாலோ உறவுடைய இருவரேனும் கூடி வாழ்ந்தால்தான் அது குடும்பம். கெண்டக்கி ராஜ்யத்தின் கிழக்கு மலைப்பகுதியில் ஔஸ்லி என்றொரு கவுண்டி உண்டு. 2000ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் அங்கே 4,858 ஜனங்கள்; 1,894 குடித்தனங்கள். முந்திய ஆண்டாகிய 1999இல் அதன் குடித்தன இடைநிலை வருமானம் 15,805 டாலர். குடும்ப இடைநிலை வருமானமோ 18,034 டாலர். ஊர் ஒன்று, ஆண்டு ஒன்று, கேட்ட அதிகாரியும் ஒருவர். பெயர் சிறிது மாறியவுடன் 2,200 டாலருக்கு மேல் வித்தியாசம். பழைய குடிக்கணக்குத் தொகுதிகளில் கவுண்டிதோறும் குடும்ப வருமானமே முதன்மையாக அச்சிடப்பட்டது. பிற்காலத்தில் குடித்தன வருமானம் அவ்விடத்தைப் பெற்றது. பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்தில் பக்கமாக வைத்து, "வளர்ச்சி இவ்வளவே" என்று வருந்துபவர் முதலில் தலைப்பைப் படிக்கவேண்டும். ஒப்புநோக்க, அவ்வாண்டில் தேசம் முழுமைக்கும் குடித்தன இடைநிலை 41,994 டாலர் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஔஸ்லியின் வறுமை அட்டவணைக் குற்றத்தால் விளைந்த தோற்றமன்று. அது மெய்யான வறுமை.

இனி, இக்கணக்கு நடந்துவந்த வழியைச் சிறிது பார்ப்போம். அமெரிக்கக் குடிக்கணக்கில் வருமானத்தைப் பற்றி முதன்முதல் வினவியது 1940ஆம் ஆண்டில். அப்பொழுதும் முந்திய ஆண்டின் கூலியையும் சம்பளத்தையும் மட்டுமே தொகையாகக் கேட்டார்கள். ஏனைய வழிகளில் 50 டாலரோ அதற்கு மேலோ வந்ததா என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்ற விடையே போதுமென்றார்கள். இதன் விளைவு யாதெனில், தன் நிலத்தை உழுது கோதுமை விற்ற விவசாயிக்குச் சம்பளம் என்ற பத்தியில் பூஜ்யம் நின்றது. ஆயிரம் ஏக்கர் உழுதவனும் பூஜ்யம். வேலையற்று இருந்தவனும் பூஜ்யம். நாட்டுப்புறக் கவுண்டி ஒன்றின் கதையை 1940 முதல் சொல்லப் புகுவோர் இதனை அறியாமற் புகுந்தால், விவசாயம் மிகுந்த ஊர்களெல்லாம் வருமானமே இல்லாத ஊர்கள் என்று முடிவு கட்டிவிடுவர்.

1950ஆம் ஆண்டில் எல்லா வகை வருமானத்தையும் கேட்கத் தொடங்கினார்கள்; ஆயினும் எல்லாரையும் கேட்கவில்லை. ஐவரில் ஒருவரைக் கேட்டார்கள். அதுமுதல் வருமானம் என்பது மாதிரியினின்று பெறும் மதிப்பீடாயிற்று. 2000ஆம் ஆண்டு வரையில் நீண்ட வினாப்பத்திரம் ஒன்று தேசத்தில் ஆறில் ஒரு வீட்டுக்குச் சென்றது. மிகச் சிறிய ஊர்களில் இரண்டில் ஒரு வீட்டுக்கும் சென்றதுண்டு. பத்தாண்டுக்கு ஒருமுறை தெளிவான ஒரு படம் கிடைத்தது; இடையிலுள்ள ஒன்பது ஆண்டுகளும் இருள்.

அவ்விருளை நீக்கக் கருதி, 2005ஆம் ஆண்டு முதல் முழு அளவில், அமெரிக்க சமூக ஆய்வு என்ற பெயரால் மாதந்தோறும் வீடுகளை விசாரிக்கும் முறை ஏற்பட்டது. 2010ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் நீண்ட வினாப்பத்திரம் இல்லை. இம்மாறுதலால் நகரங்களுக்கு லாபம். 65,000 ஜனங்களோ அதற்கு மேலோ உள்ள பகுதிகளுக்கு ஆண்டுதோறும் புதிய எண் கிடைக்கிறது. கவுண்டிகளில் ஏறக்குறைய முக்கால் பங்கு இவ்வெல்லைக்குக் கீழ்ப்பட்டவை. அவற்றில் ஓராண்டில் விசாரிக்கப்படும் வீடுகள் மிகச் சில. ஆகவே ஐந்தாண்டுகளில் விசாரித்தவற்றை ஒரே குவியலாகக் குவித்து ஒரே எண் வெளியிடுகிறார்கள். 2005 முதல் 2009 வரையிலான முதற் குவியல் 2010 டிசம்பரில் வெளிவந்தது. 20,000 ஜனங்களுக்கு மேற்பட்ட இடங்களுக்கு மூன்றாண்டுக் குவியல் ஒன்றும் சில காலம் இருந்தது. 2011–2013ஆம் தொகுதியோடு அது நின்றுபோயிற்று.

ஐந்தாண்டுக் குவியலின் இயல்பை நம்மூர் மொழியில் சொல்கிறேன். ஐந்து போகத்து நெல்லை ஒரே பத்தாயத்தில் கொட்டிவிட்டு, ஒரு பிடி எடுத்து, "இவ்வாண்டு நெல் எப்படி?" என்று கேட்பதை ஒக்கும். அடுத்த ஆண்டு பழைய போகம் ஒன்றை நீக்கிப் புதிய போகம் ஒன்றைச் சேர்க்கிறார்கள். நான்கு போகம் அப்படியே இருக்கின்றது. 2009–2013ஆம் தொகுதியையும் 2010–2014ஆம் தொகுதியையும் ஒப்பிட்டு, "ஓராண்டில் இவ்வளவு ஏறிற்று" என்பது பொருந்தாத பேச்சு. 2009–2013ஐ 2014–2018உடன் ஒப்பிடலாம். இரண்டிற்கும் பொதுவான ஆண்டு ஒன்றுமில்லை. சென்ஸஸ் இலாகாவினரும் இவ்வண்ணமே அறிவுறுத்துகின்றனர். மேலும் இவ்வாய்வில் "சென்ற 12 மாதங்களில் என்ன வந்தது" என்றே கேட்கிறார்கள். ஜனவரியில் விசாரிக்கப்பட்டவன் முந்திய ஆண்டைச் சொல்வான். டிசம்பரில் விசாரிக்கப்பட்டவன் பெரும்பாலும் அவ்வாண்டையே சொல்வான். அனைத்தையும் தொகுதியின் இறுதி ஆண்டு விலைவாசிக்கு மாற்றியே எண்ணை எழுதுகிறார்கள்.

இவ்வளவும் அறிந்தபின் ஔஸ்லிக்குத் திரும்புவோம். 1999இல் 15,805 டாலர் என்றேன். 2007–2011ஆம் தொகுதியில் அக்கவுண்டியின் எண் 19,000 டாலருக்குச் சற்றே மேற்பட்டிருந்தது. மேலெழுந்தவாரியாகப் பார்ப்பவர், ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வருமானம் உயர்ந்தது என்று மகிழ்வர். ஆனால் 1999க்கும் 2011க்கும் இடையில் அந்நாட்டு விலைவாசிக் குறியெண் நூற்றுக்கு 35 வீதம் ஏறியிருந்தது. 1999இன் 15,805 டாலர் 2011இன் விலையில் ஏறக்குறைய 21,300 டாலருக்குச் சமம். எனவே வாங்கும் சக்தியில் நடுக் குடித்தனம் ஏறவில்லை; இறங்கியது போலவே காண்கிறது.

"போல" என்ற சொல்லை வேண்டுமென்றே சேர்த்தேன். ஆய்வின் ஒவ்வொரு எண்ணுக்கும் அருகில் பிழை எல்லை என்ற இரண்டாம் எண் ஒன்று அச்சிடப்பட்டிருக்கும். மெய்யான தொகை இவ்வெல்லைக்குள் இருக்குமென்று நூற்றுக்குத் தொண்ணூறு வீதம் நம்பலாம் என்பதே அதன் கருத்து. ஐயாயிரம் ஜனங்கள் உள்ள கவுண்டியில் அவ்வெல்லை இரண்டாயிரம் மூவாயிரம் டாலராக இருப்பது வழக்கத்துக்கு மாறானதன்று. நாம் கண்ட இறக்கமோ சுமார் 2,000 டாலர். 1999ஆம் ஆண்டு எண்ணும் மாதிரியினின்று வந்ததே. அதற்கும் தனக்குரிய பிழை உண்டு. ஆகையால் நடுநிலையாளன் சொல்லத்தக்கது இவ்வளவே: ஔஸ்லி செழித்தது என்பதற்குச் சான்றில்லை, தாழ்ந்தது என்று ஆணையிடவும் இயலாது.

விலைவாசிக் குறியெண்ணிலும் ஒரு முள் மறைந்திருக்கிறது. நாம் பயன்படுத்திய குறியெண் நகரவாசிகளின் செலவைக் கொண்டு அமைந்தது. ஜனங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டவரை அது தழுவுகிறது என்பது மெய்யே; ஆயின் தழுவாது விட்ட சிறுபான்மையில்தான் பெருநகர் எல்லைக்கு வெளியேயுள்ள நாட்டுப்புறத்தாரும் பண்ணைக் குடும்பத்தாரும் உள்ளனர். நாட்டுப்புறத்தில் வீட்டு வாடகை மலிவு. ஆஸ்பத்திரிக்கும் வேலைக்கும் மோட்டாரில் நெடுந்தூரம் செல்லவேண்டுவதால் பெட்ரோல் செலவு மிகுதி. பெட்ரோல் விலை ஏறிய ஆண்டில் நகரத்துக் கோலைக் கொண்டு கிராமத்தை அளந்தால் அளவு சரிப்படாது. வேறு கோல் கவுண்டிதோறும் கிடையாமையால் அதனையே கொண்டு அளக்கிறார்கள்.

இவ்வெண்களைப் பற்றி இவ்வளவு விசாரம் எதற்கென்று சிலர் நினைக்கலாம். பணம் இவ்வெண்களைப் பின்பற்றிச் செல்கிறது என்பதே விடை. 1972ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றினால் அமெரிக்க மத்திய சர்க்கார் தம் வரி வருவாயில் ஒரு பகுதியை ஏறக்குறைய 39,000 ஸ்தல ஸ்தாபனங்களுக்குப் பகிர்ந்தளிக்க முற்பட்டனர். பங்கைத் தீர்மானிக்கும் அளவுகளில் ஒன்று தலைக்கு விழும் வருமானம். இது இடைநிலையன்று, எனினும் சங்கடம் ஒன்றே. 500 ஜனங்கள் உள்ள ஊரில் மாதிரியினின்று பெறும் எண் நூற்றுக்கு 13 அளவிலும், 100 ஜனங்கள் உள்ள ஊரில் நூற்றுக்கு 30 அளவிலும் அசையக்கூடியதாயிருந்தது. இதற்கஞ்சி, 500க்குக் குறைந்த ஊர்களுக்கெல்லாம் அவை அடங்கிய கவுண்டியின் சராசரியையே முதலில் எழுதிவிட்டார்கள். இதனால் வறிய ஊர் செல்வக் கவுண்டியில் அமைந்த குற்றத்துக்காகத் தன் பங்கை இழக்கும். செல்வ ஊர் வறிய கவுண்டியில் அமைந்த பாக்கியத்தால் பிறர் பங்கைப் பெறும்.

இம்முறைகேட்டை நீக்க வழி கண்டவர்கள் சென்ஸஸ் இலாகாவைச் சேர்ந்த ராபர்ட் பே, ரோஜர் ஹெரியட் என்னும் இருவர். அவர்கள் கட்டுரை 1979இல் வெளியாயிற்று. கணிதத்தை விட்டுக் கருத்தை மட்டும் சொல்கிறேன். ஒரு வயலின் கண்டுமுதலை மதிப்பிட வேண்டுமென்போம். வயலில் ஒரு சிறு இடத்தை அறுத்து அளந்து பார்க்கிறோம். அது நேரான சாட்சி, ஆயினும் அறுத்த இடம் மேடாகவோ பள்ளமாகவோ இருந்திருக்கலாம். மற்றொரு புறம், அவ்வயலின் மண், நீர், உரம், பக்கத்து வயல்களின் விளைவு ஆகியவற்றைக் கொண்டு, "இத்தகைய வயலில் இவ்வளவு விளையும்" என்று அனுபவசாலி ஒருவர் சொல்வார். அது நேரான சாட்சியன்று, ஆனால் நிலையானது. அறுத்துப் பார்த்த இடம் பெரிதாயின் அறுவடைக்கு மிகுந்த மதிப்பளிப்போம். சிறிதாயின் அனுபவசாலியின் சொல்லுக்கு மிகுந்த மதிப்பளிப்போம். இரண்டையும் அவ்வவற்றின் உறுதிக்கேற்பக் கலந்து ஓரெண் காண்பதே அவர்கள் கண்ட முறை. அந்தப் பகிர்வுத் திட்டம் 1986இல் முடிந்தது. முறையோ இன்றும் உலகெங்கும் வழங்குகின்றது.

1994ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தைத் தொடர்ந்து, சிறு பகுதிகளின் வருமான வறுமை மதிப்பீடு என்றொரு வேலையைச் சென்ஸஸ் இலாகாவினர் மேற்கொண்டதும் இந்நெறியிலேயாம். ஏழைப் பிள்ளைகள் மிகுந்த பள்ளிகளுக்குச் சர்க்கார் கொடுக்கும் பணம், அவ்வேலையில் கிடைக்கும் 5 முதல் 17 வயது வரையுள்ள ஏழைச் சிறார் எண்ணிக்கையை ஆதாரமாகக் கொண்டு பகிரப்படுகிறது. அதனோடு உடன்பிறந்த எண்ணாகக் கவுண்டிதோறும் குடித்தன இடைநிலை வருமானமும் ஆண்டுதோறும் வெளியாகிறது. வீடுகளில் விசாரித்த கணக்கு அறுத்துப் பார்த்த இடம். வருமான வரிக் கணக்கு, உணவு உதவி பெறுவோர் தொகை, பழைய குடிக்கணக்கு முதலியன அனுபவசாலியின் சொல். சிறு கவுண்டிக்கு ஆண்டுக்கு ஓரெண் வேண்டுவோர்க்கு இதுவே தக்க துணை. ஆனால் இத்துணியிலும் ஒரு தையல் உண்டு. 2004 வரையில் வேறொரு சிறு ஆய்வை அடிப்படையாகக் கொண்டு கணித்தார்கள். 2005 முதல் அமெரிக்க சமூக ஆய்வுக்கு மாறினார்கள். 2004க்கும் 2005க்கும் இடையே ஒரு கவுண்டியின் கோடு துள்ளினால், துள்ளியது ஊரா, கணக்கா என்று கேட்டே மேற்செல்லவேண்டும். கலந்து கண்ட எண்ணுக்கு மற்றொரு குறையும் இயல்பாய் அமைந்தது. ஓரூரில் மட்டும் சுரங்கம் மூடப்பட்டால், ஏனைய ஊர்களின் அனுபவத்தைக் கொண்ட மாதிரி அத்துன்பத்தை முழுமையும் உடனே காட்டாது. சற்று மழுக்கியே காட்டும்.

வருமானம் என்ற சொல்லுக்குள் அடங்காதன பல. உணவு உதவி இவ்வருமானத்தில் சேராது. வரி திரும்பிவருவதும் சொத்து விற்ற லாபமும் சேரா. தோட்டத்தில் விளைந்த காய்கறியும் காட்டில் வெட்டிய விறகும் சேரா. முதியோர் பென்ஷன் சேரும். நாட்டுப்புறத்தில் இவை சிறு விஷயங்களல்ல. நம் தேசத்தில், 1950இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வினர் நெடுங்காலமாக வருமானத்தினும் நுகர்வுச் செலவையே முக்கியமாக வினவிவந்ததற்கும் இத்தகைய காரணமே. உழவனை "எவ்வளவு வந்தது?" என்று கேட்டால் அவன் யோசிப்பான், "அரிசிக்கும் எண்ணெய்க்கும் எவ்வளவு சென்றது?" என்று கேட்டால் வீட்டுக்காரி விடை சொல்வாள்.

இவற்றினும் ஆழ்ந்த இடர் ஒன்று உண்டு. ஔஸ்லியில் 2000ஆம் ஆண்டில் 4,858 பேர் இருந்தனர்; 2010இல் 4,755 பேர்; 2020இல் 4,051 பேர். இருபதாண்டில் எண்ணூறு பேர் குறைந்தனர். இத்தகைய ஊர்களினின்று வெளியேறுவோர் பெரும்பாலும் வேலை தேடும் இளைஞர். அவர்கள் வேறூரில் நன்றாக ஈட்டினாலும் அவ்வூர்க் கணக்கில் அது வாராது. எஞ்சியவர்களின் வரிசையில் நடு வீடு என்பது வேறொரு வீடு. முன்னைய நடு வீட்டார் ஏழையாகவில்லை. அவர்கள் அங்கே இல்லை. இதற்கு மாறாக, ஓய்வு பெற்ற செல்வர்கள் ஏரிக்கரையில் வீடு கட்டிக் குடியேறிய கவுண்டியில் இடைநிலை ஏறும். பழங்குடிகளின் கையில் ஒரு டாலரும் கூடியிராது. இடைநிலை வருமானம் ஊரைத் தொடர்கிறது, மனிதரைத் தொடர்வதில்லை.

"கிராமம்" என்ற வகுப்பும் அங்ஙனமே. வளர்ந்து செழித்த கவுண்டி, அடுத்த கணக்குக்குப் பின் பெருநகர்ப் பகுதி என்று பெயர் மாறிக் கிராமப் பட்டியலினின்று நீங்கிவிடும். செழித்தவை நீங்க நீங்க, எஞ்சியவற்றின் பட்டியல் வறுமை மிகுந்து தோன்றும். எனவே நாற்பதாண்டுக் கதையைச் சொல்ல விரும்புவோர், தொடக்க ஆண்டில் கிராமமென்று எண்ணப்பட்ட கவுண்டிகளையே இறுதி வரையில் கைவிடாமற் கொண்டுசெல்லல் வேண்டும்.

நாம் ஒரு ஜில்லாவைப் பற்றியோ, நம் குடிகளைப் பற்றியோ இத்தகைய கணக்கெடுக்க முற்பட்டாலும் இவ்விடர்கள் யாவும் வேறு உருவில் வந்து நிற்கும். நூறு வீட்டை விசாரித்துவிட்டு அடுத்த ஆண்டு வேறு நூறு வீட்டை விசாரித்து, ஐயாயிரம் ரூபாய் வித்தியாசத்துக்கு விழா எடுப்பதோ துக்கம் காப்பதோ தகாது. எத்தனை வீடு விசாரித்தோம், எந்த மாதத்தில், எதை வருமானமென்றோம் என்பதை எண்ணின் பக்கத்திலேயே எழுதிவைத்தால், பின்வருவோர் அதனைக் கொண்டு ஒப்பிடக்கூடும்.

கடைசியாக ஒன்று. 2020ஆம் ஆண்டில் கொள்ளை நோயினால் வீடுகளை விசாரிப்பது தடைப்பட்டது. விடையளித்தவர்களில் வசதியுள்ளோர் மிகுந்திருந்தனர். அவ்வாண்டின் ஓராண்டு எண்களை வழக்கம்போல் வெளியிடாமல், பரீட்சார்த்தமானவை என்று பெயரிட்டே சென்ஸஸ் இலாகாவினர் வெளியிட்டனர். 2016–2020ஆம் தொகுதியும் தாமதித்து 2022 மார்ச்சில் வந்தது. பெரிய நகரம் அவ்வோராண்டை ஒதுக்கிவிட்டு மேற்செல்லலாம். சிறு கவுண்டிக்கோ அவ்வாண்டு 2016–2020 முதல் 2020–2024 வரையில் ஐந்து தொகுதிகளிலும் கலந்து நிற்கின்றது. அது கலவாத முதல் தொகுதி 2021–2025 ஆகும். அதனோடு ஒப்பிடுவதற்கு 2015–2019ஆம் தொகுதியை எடுத்து வைத்துக்கொள்க.